கோட்டையைக் காணோம்!

ஏற்காடு லேடீஸ் சீட்டில் இருட்டின பிறகு நின்றால், கீழே சேலம் பூராவும் விளக்காக மினுங்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்த நண்பன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் கம்பெனியை வேறொருத்தர் வாங்கிவிட்டார். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனே தேவையில்லையாம்.

"வேலை போனதுகூடப் பரவாயில்லடா. 10 வருஷமா நான் எழுதின லெட்ஜரை எல்லாம் எடைக்குப் போட்டுட்டானுங்க!"

பி.காம். படித்தவனுக்குத்தான் சார் அந்த வலி தெரியும்.

பேச்சை மாற்றலாமே என்று, "அதோ பார், கோட்டை மாரியம்மன் கோயில் அந்தப் பக்கம்" என்றேன்.

"அம்மன் இருக்கா. கோட்டை எங்கடா?"

நியாயமான கேள்வி. ஆனால், கோட்டை காணாமல் போன கதைக்கு நீங்கள் பாண்டிச்சேரி வரவேண்டும். அங்கே பாரதி பூங்கா, நடுவில் ஆயி மண்டபம். மத்தியானம் டிபன் பாக்ஸைக் காலி பண்ணிவிட்டு மரநிழலில் கண்ணயர நம்மவர்களுக்கு ஏற்ற இடம். பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை, ஐந்து மூலையோடு ஜம்மென்று நின்றது அங்கேதான்!

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். டெபிட். 1761 ஜனவரி 16-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. லூயி கோட்டை தரைமட்டம். கிரெடிட். கணக்கு டேலி!

(பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமாபுரி மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. வியாபாரத்துக்கு வந்தவன் விட்டுப்போன ஓட்டாஞ்சில்லுக்கு ஆயுசு கெட்டி!)

அந்த லூயி கோட்டைக் காலத்து ஆள் ஆனந்தரங்கப் பிள்ளை. வியாபாரி, கவர்னர் டூப்ளேயின் துபாஷி. 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன ஆச்சு, கவர்னர் யார்மேல் எரிந்து விழுந்தார்... ஒன்று விடவில்லை மனுஷன். ஊர் விழுவதற்கு 4 நாள் முன்னால் கண்ணை மூடிவிட்டார். கோட்டையை இடித்த சத்தம் அவர் காதில் விழவில்லை.

நோட்டுகள் மட்டும் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846-ல்தான் வெளியே தெரிந்தது. பிறகு 1904-லிருந்து 1928 வரை உட்கார்ந்து, அவற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 12 வால்யூம் அச்சுப் போட்டது மெட்ராஸ் அரசாங்கம்.

அதாவது, கோட்டையை இடித்த அதே பார்ட்டி!