அம்பது ராத்திரிக்கு ஒரு பிளாட்டினம்!

ஒரு சின்னக் கேள்வி. போன வருஷம் எத்தனை ராத்திரி வெளியூர்ல ரூம் எடுத்துத் தங்கினீங்க? ஹாஸ்டல் கணக்குல சேராது. கல்யாண மண்டபத்து ஜமுக்காளம், பொதிகை எக்ஸ்பிரஸ் அப்பர் பெர்த், அத்தை வீட்டு மொட்டை மாடி... இதெல்லாமும் சேராது. சொந்தப் பேர்ல ரூம் போட்டு, பில் கட்டித் தங்கின ராத்திரி மட்டும் சொல்லுங்க.

நிறைய பேருக்குப் பதில் 'முட்டை'தான். தப்பில்லை பாஸ்! ஆனால், இதே கேள்விக்கு 'அம்பது' என்று அசால்ட்டாகப் பதில் சொல்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. பெரிய ஓட்டலுக்குள் அவர்கள் நுழைந்தாலே தனி மரியாதை. நல்ல ரூம் காலியாக இருந்தால் கூடுதல் காசு வாங்காமல் கொடுப்பார்கள். மற்றவர்கள் மதியம் 12 மணிக்குப் பெட்டியைத் தூக்க வேண்டும் என்றால், இவர்கள் சாயங்காலம் 4 மணி வரை கால் நீட்டிப் படுத்திருக்கலாம். இதற்குப் பேர்தான் 'எலைட் ஸ்டேட்டஸ்'.

கேம்பஸில் செலக்ட் ஆகி, புராஜெக்ட் புராஜெக்ட்டாக ஊர் சுற்றப் போகிற உங்களில் பலருக்கு இந்த ஸ்டேட்டஸ் இன்னும் ரெண்டு, மூணு வருஷத்தில் கண் முன்னால் ஆடும். அதுக்கு முன்னாடி அதோட விலை என்னன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? வாங்க, ஒரு ஊருக்குப் போவோம்.

எலுமிச்சை ஊர்ல என்ன எலைட்?

மதுரையில் பஸ் ஏறி, ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டினால் புளியங்குடி. சுமார் 120 கிலோமீட்டர். வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்குள் ரயில் கிடையாது. ரயில் வேண்டும் என்றால் பாம்புக்கோவில் சந்தைக்கோ, கடையநல்லூருக்கோ, சங்கரன்கோவிலுக்கோ போக வேண்டும். ஆனால், எலுமிச்சம்பழம் என்று சொன்னால் தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கு முதலில் ஞாபகம் வருகிற ஊர் இதுதான். இங்கே மார்க்கெட்டில் பேசுகிற விலை கேரளா வரைக்கும் கேட்கும். (நானும் இந்த ஊர்க்காரன்தான். கொஞ்சம் ஓவரா இருந்தா கண்டுக்காதீங்க!)

பேர் சொன்னால் தெரிகிற சங்கிலித்தொடர் ஓட்டல் எதுவும் இங்கே இல்லை. இருப்பது லாட்ஜ். அங்கே தங்குபவர்கள் பழம் வாங்க வருகிற வெளியூர் வியாபாரிகள், மருந்து கம்பெனி ரெப்புகள், மாசா மாசம் வசூலுக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு என்ன ஸ்பெஷல் என்று லாட்ஜ் மேனேஜர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஸ்பெஷல்னு என்ன தம்பி இருக்கு? ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கதவத் தட்டுனாலும் ரூம் உண்டு. ரோட்டுப் பக்கம் பஸ் சத்தம் ஜாஸ்தி, அதனால பின்பக்க ரூமாப் பாத்துக் குடுப்போம். கையில துட்டு இல்லைன்னா அடுத்த தடவ வாங்கிக்கிடுவோம். வரலைன்னா அவுகளும் முந்தியே போன் போட்டுச் சொல்லிருவாக."

"எத்தனை தடவை வந்தா ரெகுலர் கஸ்டமர் அண்ணாச்சி?"

"அதையெல்லாம் எண்ணவா செய்வாக? மூஞ்சி பழகிட்டா ரெகுலர்தான்!"

யோசிச்சுப் பாருங்க. நல்ல ரூம், எந்த நேரத்திலும் இடம்... பிளாட்டினம்காரருக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதி இங்கேயே இருக்கிறது. 'துட்டு அப்புறம் கொடுங்க' என்பது எந்த பிளாட்டினத்திலும் கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான். இந்த மரியாதை அந்த லாட்ஜ் வாசலோடு சரி. அடுத்த ஊர் லாட்ஜில் நீங்கள் யாரோ. அண்ணாச்சி வேலையை விட்டுப் போனால், உங்கள் ஸ்டேட்டஸும் அவரோடு போச்சு!

மூஞ்சிக்குப் பதில் நம்பர்

இந்தக் குறையைத்தான் பெரிய ஓட்டல் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. மேனேஜரின் ஞாபகத்தை எடுத்து கம்ப்யூட்டரில் போட்டன. வழி காட்டியது விமானக் கம்பெனி. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த மைல்களை எண்ணிப் பரிசு கொடுக்க ஆரம்பித்தது. 1983-ல் ஹாலிடே இன், மேரியட் இரண்டும் ஓட்டலுக்கு அதையே செய்தன. நம் நாட்டில் டாஜ் குழுமம், ஐ.டி.சி. ஓட்டல்கள் எல்லாமே சொந்தத் திட்டம் வைத்திருக்கின்றன.

புளியங்குடி பஸ் போகிற அதே மதுரையில், திருமங்கலம் ரோட்டில் பசுமலை மேலே டாஜ் குழுமத்து ஓட்டல் இருக்கிறது. அழகர்கோவில் ரோட்டில் மேரியட்டின் கோர்ட்யார்டு இருக்கிறது. அங்கே ஒருத்தர் தங்கின ராத்திரி, அடுத்த மாசம் அவர் சிங்கப்பூரில் அதே குழுமத்து ஓட்டலுக்குப் போகும்போதும் கணக்கில் இருக்கும். அங்கே யாருக்கும் அவர் மூஞ்சி பழக்கமில்லை. நம்பர் பழக்கம்!

மேரியட்டின் 'பான்வாய்' திட்டத்தையே உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். 2019-ல் வந்த பேர் இது. வருஷத்துக்கு 10 ராத்திரி தங்கினால் சில்வர். 25 என்றால் கோல்டு. 50 என்றால் பிளாட்டினம். 75 என்றால் டைட்டானியம். 100 ராத்திரியோடு 23,000 டாலர் செலவும் செய்தால் அம்பாசடர். ஜனவரி 1 வந்தால் மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். எட்டின ஸ்டேட்டஸ் அந்த வருஷத்தின் மீதியோடு அடுத்த வருஷம் முழுக்க நிற்கும்.

சில்வருக்கு என்ன கிடைக்கும்? கூடுதலாக 10 சதவிகிதம் பாயின்ட், மத்தபடி பெரிதாக ஒன்றுமில்லை. கோல்டுக்கு 25 சதவிகிதம் பாயின்ட், இடம் இருந்தால் கொஞ்சம் நல்ல ரூம், முடிந்தால் 2 மணி வரை தங்கல். நிஜமான ஆட்டம் பிளாட்டினத்தில்தான் தொடங்குகிறது. 50 சதவிகிதம் கூடுதல் பாயின்ட், லவுஞ்ச் இருக்கிற பல ஓட்டல்களில் அதற்குள் அனுமதி, பல இடங்களில் காலை டிபன் ஃப்ரீ. படிகளை எப்படிக் கட்டியிருக்காங்க பாருங்க! கீழ்ப் படியில் ஆசை காட்டி, மேல் படியில் சாப்பாடு போடுகிறார்கள்.

கால்குலேட்டரை எடுங்க!

நாம் இன்ஜினீயரிங் ஆச்சே, போட்டுப் பார்த்துடுவோம். ஒரு ராத்திரிக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. 50 ராத்திரிக்கு 2,50,000 ரூபாய். நம்ம செட்டில் பல பேருக்கு முதல் வருஷச் சம்பளத்தில் பெரும் பங்கு!

'அவ்வளவு எதுக்கு? 38 ராத்திரி ஆபீஸ் டூர்லயே வந்துடுச்சு. மீதி 12 மட்டும் நானே போட்டுக்கறேன்' என்று டிசம்பரில் சில பேர் கிளம்புவார்கள். தேவையே இல்லாமல் ரூம் போட்டு ராத்திரியைச் சேர்ப்பதற்கு 'மேட்ரஸ் ரன்' என்று பேர் வேறு. செலவு 60,000 ரூபாய். வரவு? அடுத்த வருஷம் 20 ராத்திரி தங்குவதாகவும், ஒரு டிபன் 700 ரூபாய் என்றும் வைத்தால் 14,000. அந்த டிபனை ஏற்கெனவே கம்பெனியே கொடுக்கிறது என்றால் வரவு பூஜ்யம். லேட்டாகக் காலி செய்வதையும் லவுஞ்ச் காபியையும் சேர்த்தாலும், 60,000-த்தைத் தொட வைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டும்.

அப்போ யாருக்குத்தான் லாபம்? சொந்தக் காசு போடாதவருக்கு! இந்தத் திட்டங்களின் அச்சாணியே அதுதான். பில் கம்பெனிக்கு. பாயின்ட் ஊழியருக்கு. எந்த ஓட்டலில் தங்குவது என்று முடிவு செய்கிறவரும், பணம் கட்டுகிறவரும் வேற வேற ஆள். முடிவு செய்கிறவரைக் கொஞ்சம் குஷிப்படுத்தினால் போதும், 500 ரூபாய் கூடுதல் என்றாலும் 'இந்த ஓட்டல்தான் வேணும்' என்று அவரே அடம் பிடிப்பார்.

அந்த பாயின்ட் நியாயமாக யாருடையது? மத்திய அரசு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அரசுச் செலவில் பறந்து சேர்த்த மைல்களை அரசுப் பயணத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் ஊழியரிடமே விட்டுவிடுகின்றன. நீங்கள் சேரப்போகிற இடத்தில் என்ன விதி என்று முதல் டூருக்கு முன்பே கேட்டு வைத்துக்குங்க.

கமிஷன் கடை பாடம்

மறுபடி புளியங்குடி மார்க்கெட்டுக்கு வருவோம். தோட்டத்துக்காரர் பழ மூட்டையோடு வருகிறார். வழக்கமான கமிஷன் கடையில் இறக்குகிறார். அங்கே ஏலம் போகும். கடைக்காரர் கமிஷனைக் கழித்து மீதியைக் கொடுப்பார். பழைய வாடிக்கை என்றால், காய்ப்பு இல்லாத மாதத்தில் உரம் போட, மகள் கல்யாணத்துக்கு என்று முன்பணமும் தருவார். சீட்டு இல்லை, ஜாமீன் இல்லை. வெறும் நம்பிக்கை.

ஆனால், அந்த நம்பிக்கைக்கு ஒரு கொக்கி உண்டு. முன்பணம் வாங்கினவர், பக்கத்துக் கடையில் கூடுதல் விலை என்று தெரிந்தாலும் மூட்டையை அங்கே இறக்க மாட்டார். இறக்கினால் அடுத்த மாதம் யாரிடம் போய் நிற்பது?

ஓட்டல் பாயின்ட்டிலும் இதே கொக்கிதான். 40 ராத்திரி ஒரே குழுமத்தில் சேர்ந்துவிட்டால், எதிர் ஓட்டலில் பாதி விலைக்கு ரூம் இருந்தாலும் கால் போகாது. 'இன்னும் பத்துதான்!' என்று மனசு இழுக்கும்.

ஒரே ஒரு வித்தியாசம். கமிஷன் கடைக்காரர் கடன் கொடுத்தவர், தோட்டத்துக்காரர் வாங்கியவர். ஓட்டல் பாயின்ட்டில் தலைகீழ். கடன் கொடுத்தவர் நீங்கள்! பாயின்ட் என்பது 'அப்புறமா ரூம் தர்றேன்' என்று அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு. அந்தச் சீட்டின் மதிப்பையும் அவர்களே நிர்ணயிப்பார்கள். எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்று மேரியட் வைத்திருந்த நிலையான பட்டியல் 2022 மார்ச்சில் போயேபோச்சு. அதன் பிறகு ரூம் வாடகை மாதிரியே பாயின்ட் விலையும் ஏறும், இறங்கும். 24 மாசம் கணக்கில் எந்த அசைவும் இல்லை என்றால் பாயின்ட்டே காலி. மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் இப்படிப் பழைய சீட்டின் மதிப்பைத் தானே மாற்றினால், தோட்டத்துக்காரர் நேரில் போய் நாலு கேள்வி கேட்பார். நாம் யாரிடம் போய்க் கேட்பது?

சரி, என்னதான் செய்யலாம்?

* திட்டத்தில் சேர்வது இலவசம். 18 வயசானால் போதும். முதல் ஆபீஸ் டூருக்கு முன்பே சேர்ந்து, நம்பரைக் கையில் வெச்சுக்குங்க.

* ஓட்டலின் சொந்த வெப்சைட், ஆப், போன் மூலம் போட்ட ரூம்தான் பொதுவாகக் கணக்கில் வரும். நடுவில் இருக்கிற புக்கிங் கம்பெனி மூலம் போட்டால் பெரும்பாலும் ராத்திரியும் கிடையாது, பாயின்ட்டும் கிடையாது. 'அங்கே 800 ரூபாய் கம்மி' என்றால், தயங்காமல் அந்த 800-ஐ எடுத்துக்குங்க. கையில் இருக்கிற துட்டு எந்த விதி மாறினாலும் துட்டுதான்.

* ஸ்டேட்டஸ் காசுக்கும் வரும். 2023-ல் எச்.டி.எஃப்.சி. வங்கியும் மேரியட்டும் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு விட்டன. வருஷக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும். கூடவே சில்வர் ஸ்டேட்டஸ். ஒரு ராத்திரிகூடத் தங்காமல் சில்வர் கிடைக்கிறது என்றால், சில்வரின் மதிப்பு என்ன என்று நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

* பாயின்ட்டைச் சேர்த்து அழகு பார்க்காதீங்க. அப்பா, அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டுப் போய் அந்த ஓட்டலில் தங்க வைங்க. அதைவிட நல்ல செலவு கிடையாது.

அறுநூறு ராத்திரி

இதே திட்டத்தில் 'ஆயுள் பிளாட்டினம்' என்று ஒன்று உண்டு. மொத்தம் 600 ராத்திரி, 10 வருஷம் பிளாட்டினமாக இருந்திருக்க வேண்டும். 600 ராத்திரி என்றால் இருபது மாசம் பாஸ்! குழந்தை பிறந்து, நடந்து, பேச ஆரம்பிக்கிற காலம். அத்தனை ராத்திரியும் வீட்டில் இல்லாமல் போனதற்குத்தான் அந்த மரியாதை. அட்டையில் பளபளப்பாக அச்சடித்திருப்பது நாம் வீட்டுக்குப் போகாத நாட்களின் கூட்டுத்தொகை.

எங்க ஊரில் எலுமிச்சை மூட்டையோடு செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைப்பாதை ஏறுகிற லோடு வண்டி டிரைவர்களும் இப்படித்தான். ஸ்டீயரிங் பக்கத்திலேயே, வண்டிக்குள்ளேயே தூக்கம். அவர்கள் ராத்திரிகளை எந்த கம்ப்யூட்டரும் எண்ணுவதில்லை. எண்ணுவது வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும்தான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், வேலை உங்களை ஊர் ஊராக அனுப்பினால் சந்தோஷமாகப் போங்க. நம்பரைக் கொடுங்க, கிடைக்கிற டிபனை ஒரு கை பாருங்க. ஆனால் டிசம்பர் மாசம், 'இன்னும் மூணு ராத்திரிதான் குறையுது' என்று ஆப் உசுப்பேற்றும்போது மட்டும், அந்த மூணு ராத்திரியை எங்கே தூங்கலாம் என்று ஒரு தடவை யோசிங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போற பஸ்ல ஒரு ஜன்னல் சீட் கண்டிப்பா இருக்கும்!