எங்கள் வீட்டுச் சர்க்கரை நோட்டு

எழுதுவது எங்களில் ஒருவர், விரலைக் குத்திக்கொள்வது இன்னொருவர். ஆனாலும் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். கடந்த ஆடியில் இணையருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள காலனிகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்கள் நாங்கள். சொந்த வீட்டில் கணக்கெடுத்தது இதுதான் முதல் தடவை.

அவருக்கு வயது 34. முதல் நாள் வெறும் வயிற்றில் 188. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.1. அதை 7க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர். சுகர் பணக்காரர்களின் நோய் என்று இன்னும் நினைக்கிற தோழர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணக்கிட்டது. அதில் எங்கள் தெருவும் உண்டு.

50 ஸ்ட்ரிப் உள்ள டப்பா ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது. தினம் ஏழு தடவை குத்திப் பார்க்க முடியாது. அதனால் ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், அடுத்த நாள் மதியத்துக்கு, அதற்கடுத்த நாள் இரவுக்கு என்று சுற்றில் பார்க்கிறோம். முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சாப்பாடு என்ன செய்தது என்று தெரியும். தனி எண் ஒன்றும் சொல்லாது.

முதல் மூன்று வாரம் ஒரு புதிர். காலை அளவு கொஞ்சம் இறங்கியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் 260, 270. மாத்திரை தவறவில்லை, இனிப்பும் இல்லை. நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது நேரம் எழுதிய வரிசையில் விடை இருந்தது. 10.20, 10.45, 11.00. பிள்ளைக்கு ஊட்டி, மாமியாருக்குப் போட்டு, கூட்டம் முடிந்து வருகிறவருக்குப் போட்டு, கடைசியில் மிஞ்சிய சோற்றை வீணாகிவிடுமே என்று மொத்தமாகச் சாப்பிட்டிருக்கிறார். காய் தீர்ந்திருக்கும். சோறும் குழம்பும் மட்டும். சாப்பிட்டதும் படுக்கை. பெண் விடுதலை பற்றி வகுப்பெடுக்கிற வீடு இது. சமூகவியல் எம்.ஏ.வில் குடும்பம் பற்றித் தேர்வெழுதி நல்ல மார்க் வாங்கியவரும் இதே வீட்டில்தான் இருக்கிறார்.

இப்போது எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். முதலில் கீரையோ பொரியலோ, பிறகு ஒரு கப் சோறு. முடிந்ததும் பதினைந்து நிமிட நடை. நடக்கும்போது கால் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. எங்கள் தெருவில் விளக்கு எரிவது இருபது வீட்டு நீளத்துக்குத்தான். அதிலேயே போய்ப் போய் வருகிறோம். இரவு அளவு 170க்கு வந்துவிட்டது.

களி விஷயத்தில் மட்டும் எங்களுக்குத் தோல்வி. அரிசி வேண்டாம், நம்ம கேவுரு களிக்குத் திரும்புவோம் என்று பெருமையாக ஆரம்பித்தோம். இரண்டு உருண்டைக்குப் பின் 241. கேழ்வரகிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் அளவுக்கு மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் களி கிண்டினால் சீக்கிரம் செரிக்கும். “அந்தக் காலத்துல களி துன்னுட்டுதான் களை எடுத்தோம், எனக்கு என்ன சுகரா வந்துது?” என்றார் மாமியார். அவர் பொழுது சாயும்வரை குனிந்து களை எடுத்தவர். நாங்கள் பைக்கில் போய்க் கூட்டம் பேசுகிறவர்கள். இப்போது ஒரு சின்ன உருண்டை, கூட நிறையக் கீரை.

டயட் சார்ட் எழுதித் தந்தவர், “நான்வெஜ் என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டார். “சிக்கன், மீன்” என்றார் இணையர். வாரம் ஒரு தடவை வாங்குகிற மாட்டுக்கறியைச் சொல்லவில்லை. பஸ் ஏறிய பிறகு, “ஏன் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

இரண்டு பேரிடமும் பதில் இல்லை. உணவு அரசியல் என்று மேடையில் பேசுகிற வாய்கள் இவை. கோயில் ஊரில், வெள்ளைச் சுவர் அறையில், எதிரே இருப்பவர் யாரென்று தெரியாதபோது நாக்கு தானாக மடங்கிக்கொண்டது. அடுத்த தடவை சொன்னோம். அவர் முகம் மாறவில்லை. “கொழுப்பை எடுத்துட்டு குழம்பா வெச்சு சாப்பிடுங்க, வறுக்காதீங்க. உப்புக்கண்டம் மட்டும் வேணாம், பிரஷர் ஏறும்” என்று எழுதிக்கொடுத்தார். கறியில் மாவுச்சத்து இல்லை, வயிறும் நிறைகிறது. ஒரு மாதம் அதைத் தவிர்த்துவிட்டு இட்லியாகத் தின்றிருக்கிறோம்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கிரிவலப் பாதையில் பெருக்குகிற தொழிலாளர்களைப் பார்க்கப் போனோம். இணையர் ஏழு மணிக்கு கிளிமெபிரைடு மாத்திரை போட்டார். கூட்டத்தில் வண்டி நகராமல் பத்து மணிவரை சாப்பாடில்லை. வேர்த்தது, கை நடுங்கியது, பார்த்தால் 61. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்த்து, பிறகு சாப்பாடு. சர்க்கரை கொண்டுவந்து கொடுத்த அக்காவும் அதே மாத்திரை போடுகிறவர். “எனக்கும் இப்புடி மயக்கமா வரும், வெயில்னு நெனச்சிக்குவேன்” என்றார். விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்கு வருகிறவர் அவர். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று சீட்டில் எழுதியிருந்ததை நம்பிக் காலையிலேயே மாத்திரையைப் போட்டுவிடுகிறார். சாப்பாடு பதினொன்றுக்கு.

அம்பேத்கரும் சர்க்கரை நோயாளிதான். 1948இல் அவர் மணந்த சவிதா ஒரு மருத்துவர். அவருடைய ஊசியையும் உணவையும் கவனித்தவர் அவர். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில், தன் ஆயுளை நீட்டித்ததற்காக மனைவிக்கும் டாக்டர் மால்வங்கருக்கும் அண்ணல் நன்றி சொல்லியிருந்தார். 1957இல் நூல் வந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. அவர் மறைவுக்குப் பிறகு, பிராமணக் குடும்பத்தில் பிறந்த சவிதாமீது நம்மவர்களே சந்தேகம் கிளப்பினார்கள். ஒரு நீரிழிவு நோயாளிக்குத் தினமும் அளந்து போட்ட கையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. முன்பு இதைப் படித்தபோது எங்களுக்கு அது ஒரு சர்ச்சை, அவ்வளவுதான். இப்போது வேறு மாதிரிப் படிக்கிறோம்.

அந்த அக்காவை அடுத்த வியாழக்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம், மாத்திரை நேரத்தை மாற்றிக் கேட்க. அவருக்கும் ஒரு நோட்டு வாங்கியாகிவிட்டது. எங்கள் நோட்டில் இன்று காலை 124. இரவுச் சோறு வடிப்பது எழுதுகிறவரின் முறை. மணி ஏழரை ஆகிவிட்டது.