டிஃபெண்டருக்கு எந்தக் கேம்?

பெரியவனுக்கு 22 வயது, கராஜில் வேலை. 1996ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஃபெண்டர் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறான், 2.5 லீட்டர் டீசல். அதற்கு பெர்ஃபார்மன்ஸ் கேம் ஷாஃப்ட் போடவேணுமாம். ஒரு வருடச் சேமிப்பு அதற்கே போகும்.

‘வேண்டாம்’ என்று நான் சொல்லமுதல் அப்பா முந்திவிட்டார். ஊரில் லொறி ஓட்டியவர். “நீ எந்த ஆர்பிஎம்மில இழுக்கப்போறாய்?”

அதுதான் கேள்வி. பெரிய கேம் வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது காற்று நிறையப் போகும். கீழே இழுவை குறையும். இவனோ ட்ரெய்லர் இழுக்கிறவன். டீசலில் பிஸ்டன் ஹெட்டை ஒட்டினாற்போல் மேலே வரும், வால்வு கொஞ்சம் தாழ்ந்து நின்றாலும் இடிபடும். பெட்ரோல் எஞ்சின் மாதிரி விளையாட இடமில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. எந்தக் கேம் போட்டாலும் வண்டி யூரோ 6 ஆகாது. 2023 ஓகஸ்ட் 29 முதல் ஹவுன்ஸ்லோவும் யூலெஸ் எல்லைக்குள். ஓடும் நாளுக்கு 12.50 பவுண், சனி ஞாயிறும் சேர்த்துத்தான். வருடத்தில் 200 நாள் ஓடினால் 2,500. காப்புறுதிக்காரருக்கும் மாற்றத்தைச் சொல்லியே ஆகவேணும்.

இரண்டு பேரும் மூன்று மணித்தியாலம் தமிழிலேயே வாதாடினார்கள். ‘இழுவை’ என்ற சொல்லை அவன் வாயில் நான் கேட்டது அன்றுதான்.

முடிவு: கீழ்ச்சுழற்சியில் இழுக்கிற சின்னக் கேம், வேலைக்குப் போக பஸ். பாதிக் காசு அப்பப்பா தாறாராம். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.