போய்ச் சேராத விண்ணப்பங்கள்

ஒரு கல்வி அறக்கட்டளையின் இணையதளத்தைக் கட்டியவன் நான். உதவித்தொகை கேட்டு மாணவர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் என் கவனக்குறைவால் தொலைந்தன. காரணம் தெரிந்த பிறகும் அதை மறைத்தேன். அந்த இரண்டாவது தவறுதான் பெரியது.

இணைய முகவரியின் கடைசியில் ஸ்லாஷ் இருந்தால் அது ஒரு முகவரி, இல்லாவிட்டால் வேறு முகவரி. தளப்பெயரை அடுத்து வரும் முதல் ஸ்லாஷுக்கு மட்டும் இந்தப் பேதம் கிடையாது. தேடுபொறிகளும் இரண்டையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே பக்கம் இரண்டு முகவரிகளில் திறப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்லாஷ் இல்லாமல் வருவதையெல்லாம் ஸ்லாஷ் உள்ள முகவரிக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பல் குறியீட்டைப் போட்டுத் திருப்பிவிட்டேன். பக்கங்களைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தன. விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்கவில்லை.

அந்தப் படிவம் ஸ்லாஷ் இல்லாத முகவரிக்குப் போகும்படி எழுதியதும் நானே. பக்கத்தைக் கேட்பது கெட், நிரப்பியதை அனுப்புவது போஸ்ட். போஸ்ட்டுக்குப் பதிலாக 301 வந்தால், பிரவுசர் அதை கெட்டாக மாற்றி, நிரப்பிய விவரங்களை விட்டுவிட்டுப் புதிய முகவரியை மட்டும் கேட்கும். வெகுகாலமாக உள்ள வழக்கம் இது. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளில் இப்படி நேர்ந்தால், தளத்தைச் சோதிக்கும் டீபக் நிலையிலேயே பிழை காட்டி நிறுத்திவிடும். அந்த அளவுக்குத் தெரிந்த ஆபத்தை நான் படித்து வைத்திருக்கவில்லை. மாணவர்கள் பொத்தானை அழுத்தினார்கள், வெற்றுப் படிவம் திரும்பி வந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை.

"பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்துப் போட்டேன் சார், போச்சான்னே தெரியல" என்று ஒரு மாணவி போனில் கேட்டார். "உங்க நெட் ஸ்லோவா இருக்கும்மா, மறுபடி போட்டுப் பாருங்க" என்றேன்.

பிறகுதான் சர்வர் லாக்கைப் பார்த்தேன். போஸ்ட், 301. அடுத்த வரியில் கெட், 200, அதாவது பக்கம் சரியாகத் திறந்தது. பக்கம் பக்கமாக இதே ஜோடி. உடனே சரிசெய்தேன். அறக்கட்டளையிடம் "சர்வரில் பராமரிப்பு வேலை நடந்தது" என்று மட்டும் சொன்னேன்.

லாக்கில் முகவரியும் நேரமும் இருக்கும், படிவத்தில் எழுதிய பெயர் இருக்காது. அனுப்பியவர்கள் யார் என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், கடைசித் தேதியைத் தள்ளிவைத்து, மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லி அறக்கட்டளையினர் அறிவித்திருப்பார்கள். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வாய்ப்பை மாணவர்களிடமிருந்து பறித்தேன்.

நடந்ததை முழுமையாக அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் படிவங்கள் இரண்டு முகவரிகளையும் ஏற்கின்றன. திருப்பியே ஆக வேண்டிய இடத்தில், விவரங்களைக் கைவிடாத 308-ஐப் போடுகிறேன். 2015-லிருந்து இணையத் தரநிலையாக இருப்பதுதான் அது.

பதில் வராததால் தனக்குத் தகுதியில்லை என்று நினைத்துக்கொண்ட மாணவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் விண்ணப்பத்தை யாரும் படித்து ஒதுக்கவில்லை. அது போய்ச் சேரவே இல்லை. அதற்குக் காரணம் நான்.