ஆறு கிழமை குடம் தூக்கவில்லை

1995 இடப்பெயர்வில் கைக்குழந்தையையும் மூட்டையையும் சுமந்து யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறியவள் நான். கண்டிக்கு வந்தபின் இருமினாலும் தும்மினாலும் சலம் கசிந்தது. பல வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றாலும் பாரம் சுமப்பதாலும் வரும் வருத்தம் அது, சகோதரிகளே. இதில் என்ன வெட்கம்?

2008இல் பேராதனை போதனா வைத்தியசாலையில், கீழிறங்கிய சலப்பையைத் தூக்கித் தைத்தார்கள். குழாயைக் கழற்றிய பிறகு சலம் தானாகப் போகவேண்டும். போனால்தான் வீடு. வரவேயில்லை. பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா மலகூடத்துப் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்கும்படி சைகை காட்டினா. போனது! இருவரும் சிரித்தோம்.

ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கவோ முக்கவோ கூடாதென்றார் தாதி. எங்கள் வீடோ ஹந்தானை மேட்டில், பைப் கீழே. அன்று கையில் வந்த மகனுக்கு அப்போது 13 வயது. அவன்தான் குடம் தூக்கினான். முதல்நாள் பாதியைச் சிந்திவிட்டான். நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.