விரற்கடை

தஞ்சாவூர்க்காரனுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அதுவும் கட்டுமலை. தமிழ் வருஷம் ஒன்றுக்கு ஒரு படி வீதம் 60 படி ஏறினால் மலை முடிந்துபோகும். அதை விட்டால் உயரம் என்று சொல்லிக்கொள்ள வல்லத்து மேடு இருக்கிறது. மற்றபடி கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தண்ணீர் யோசித்து யோசித்து நடக்கிற அளவுக்குத்தான் சரிவு. இப்படிப்பட்ட சீமையில், மலையில் ஓட்டுவதற்கென்று பிறந்த சைக்கிள்கள் தெருவுக்கு நாலு நிற்கின்றன. ‘எம்டிபி’ என்று மூன்று எழுத்தில் பையன்கள் சொல்கிறார்கள். “ஏறுவதற்கு மலை எங்கேடா?” என்று கேட்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கேலியில் சேர எனக்கு மனமில்லை. மலைக்காரனுக்குக் கல்லும் சரிவும் உண்டு. எங்களுக்குக் களிமண் உண்டு. களிமண்ணை லேசாக நினைக்கிறவர்கள் ஐப்பசி மாதத்தில் ஒருநாள் ஆற்றங்கரையில் ஒரு மைல் சைக்கிள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசலாம்.

இந்தச் சைக்கிளின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே தமால்பைஸ் என்று ஒரு மலை இருக்கிறது. (பேர் நம்முடையது மாதிரி ஒலிக்கிறது, சம்பந்தம் ஒன்றும் கிடையாது.) 1970-களில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய், மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-ல் அதைப் பந்தயமாகவே ஆக்கிவிட்டார்கள். பின்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே பிரேக். இறங்கி முடிவதற்குள் அதிலிருக்கும் கிரீஸ் காய்ந்து புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதுசாக அடைக்கவேண்டும். அதனால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் தேடிப் பிடித்தவை ஷ்வின் கம்பெனி 1933-ல் கொண்டுவந்த பலூன் டயர் ரகம். இரண்டே அரைக்கால் அங்குல அகலம். மலையை மனத்தில் வைத்து அதை யாரும் செய்யவில்லை. இன்றைக்கு நம் கடைகளில் தொங்குகிற 26 அங்குல எம்டிபி டயரின் உள்வட்டம், 559 மில்லிமீட்டர், அந்தப் பழைய சக்கரத்தின் அளவேதான்.

எங்கள் மண் அப்படி உருண்டு ஓடுகிற மண் அல்ல. ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் கால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது அது தொளியாக ஓடும். அப்போது சக்கரம் வழுக்கினாலும் சுற்றும். மழை விட்டு இரண்டு மணி நேரம் வெயில் காய்ந்ததோ, வந்தது வினை. கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு வந்துவிடும். டயரில் அப்பி, அதன்மேல் வைக்கோல் அப்பி, அதன்மேல் மறுபடி மண் அப்பி, மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் நின்றுவிடும். 28 அங்குலச் சக்கரமும் ஒன்றரை அங்குல டயருமாக இருந்த கறுப்புச் சைக்கிள்களின் காலத்தில் கேரியரில் ஒரு மூங்கில் குச்சி செருகியிருப்பார்கள். நோண்டி எடுப்பதற்கு. நோண்டிவிட்டு ஓட்டு, இருபது கஜம் போனதும் மறுபடி நோண்டு.

சேற்றை வெல்ல அகலமான சக்கரம் வேண்டும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் எங்கள் வயலில் இறங்குகிற டிராக்டரைப் பாருங்கள். சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். அகலமான இரும்புக் கூண்டு. ஆனால் கூண்டில் முக்கால்வாசி வெறும் இடைவெளி. மண் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் விழுந்துவிடும். அறுவடையிலும் பாருங்கள்: தை மாதத்தில் நிலம் சரியாகக் காயாவிட்டால் டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் வரவேண்டும். வாடகையும் கூடுதல். வயலுக்குப் பாய்ச்சல் வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகாலும் அவ்வளவு முக்கியம் என்று இங்கே நண்டுக்கும் தெரியும். சைக்கிள் டயர் வாங்கப் போகும்போது மட்டும் அது எப்படியோ மறந்துவிடுகிறது. அகலத்தைத்தான் கேட்கிறார்கள். அந்த அகலத்தைச் சுற்றி மிச்சமிருக்கும் இடத்தை யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது எங்கள் ஊர் லஸ்கர் அண்ணனால். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்றிலும் வாய்க்காலிலும் சட்ரஸ் ஏற்றி இறக்குகிறவர், கரையைப் பார்த்துக்கொள்கிறவர், அவருக்கு இங்கே லஸ்கர் என்று பெயர். கப்பல்காரனுக்கு வைத்த பெயர் எப்படியோ வாய்க்கால் கரைக்கு வந்து தங்கிவிட்டது. அண்ணனுக்கு வயது 54. வெட்டாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலும் ஏழு கிலோமீட்டர் கரையும் அவர் பொறுப்பு. மோட்டார் சைக்கிள் வைத்துப் பார்த்தார். ஈரக் கரையில் அது சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. சைக்கிளென்றால் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

தோளில் போட்டுக்கொண்டு போகிற நேரந்தான் பிரச்சினை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் நடுராத்திரி மேற்கே இருந்து தண்ணீர் ஏறுகிறது என்று போன் வந்தது. கீழ்ச் சட்ரஸைத் தூக்கிவிடவேண்டும். புறப்பட்டார். பாதி வழியில் சக்கரம் அடைத்துக்கொண்டது. குச்சியால் நோண்டினார், கையால் தோண்டினார், கடைசியில் வண்டியைக் கரையிலேயே சாத்திவிட்டு ஓடினார். போய்ச் சேருவதற்குள் ஓரிடத்தில் தண்ணீர் கரை வழிந்து பத்துப் பன்னிரண்டு மா நிலத்தில் இறங்கிவிட்டது. நட்டு இருபது நாள் ஆன பயிர். தலை முழுகி ஒரு வாரம் கிடந்தால் அப்புறம் பயிர் என்று சொல்வதற்கில்லை. அவர்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நிலத்துக்காரர் வீட்டு வாசல் வழியாக அவர் போவதில்லை. குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

என் அக்கா மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அவனுடைய எம்டிபியைக் கொல்லையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை அண்ணனுக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தார்.

“வண்டி நல்ல வண்டிதான் தம்பி. கரையில போனா பின்னாடி இழுத்துட்டுப் போவுது. டயரு மொட்டையாப் போச்சு. பெரிசாப் போட்டுக்கலாமா?”

“போடலாம் அண்ணே. தஞ்சாவூர் போவோம்.”

கீழவாசல் பக்கம் எனக்குப் பழக்கமான கடை. பாய் எங்களை உட்காரவைத்து, மேலே தொங்கிக்கொண்டிருந்த ஒரு டயரைக் கொக்கியால் இறக்கினார். 26-க்கு 2.40. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது.

“இதப் போடுங்க. யானை மாதிரி நிக்கும்” என்றார்.

அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். அவருக்கு ஆசை வந்துவிட்டது. நான் தையல்காரரின் டேப் ஒன்று கொண்டுபோயிருந்தேன். டயரை அளப்பதற்கு முன்னால் வண்டியை அளந்தோம். பெடல் அச்சிலிருந்து புறப்பட்டுப் பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் அணைத்துப் போகிறதே இரண்டு குழாய், அவற்றுக்கு நடுவில் டயர் சுற்றுகிற இடத்தில் 64 மில்லிமீட்டர். 2.40 என்றால் 61 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம். நூல் நுழையும், சேறு நுழையாது. அதுவும் சக்கரம் பெண்டு இல்லாமல் ஓடினால்! நம் சக்கரங்கள் எந்தக் காலத்தில் பெண்டு இல்லாமல் ஓடியிருக்கின்றன?

“பாய், 2.10?”

“அம்பத்தி மூணு, அம்பத்தி நாலு வரும்.”

பக்கத்துக்கு 5. தார் ரோட்டுக்குத் தாராளம். களிமண்ணுக்குப் போதாது. 1.95 என்றால் 50. பக்கத்துக்கு 7 கிடைக்கும். முழுச் சுண்டுவிரல் நுழையாது, நுனி நுழையும். முன்பக்கத்தில் ஃபோர்க்கு அகலமாக இருந்தது, 80 மில்லிமீட்டர். அங்கே 2.10 போட்டாலும் ஆளுக்கொரு சுண்டுவிரல் இரண்டு பக்கமும் விடலாம். ஆகவே முன்னால் 2.10, பின்னால் 1.95 என்று முடிவு செய்தேன். முன்சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவான்; பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். அதனால் பிடிப்பு முன்னால் இருக்கட்டும், வடிகால் பின்னால் இருக்கட்டும்.

“ஜோடி ஒண்ணா இல்லாம வேற வேறயாவா?” என்றார் அண்ணன். அவருக்கு இது ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸும் மாதிரிப் பட்டது.

“மாட்டு வண்டியில முன்னத்தங்கால் மாட்டுக்கும் நுகத்தடிக்கும் வேலை ஒண்ணா அண்ணே?” என்றேன். உவமை அவ்வளவு சரியில்லை. ஆனால் அவர் ஒப்புக்கொண்டார்.

டயர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 26 என்று போட்டிருக்கிறதெல்லாம் 26 அல்ல. 1.95, 2.10 என்று தசமத்தில் எழுதியிருந்தால் ஒரு ஜாதி. ஒன்றே முக்காலே அரைக்கால், ஒன்றே காலே அரைக்கால் என்று பின்னத்தில் எழுதியிருந்தால் வேறு ஜாதி. 26-க்கு ஒன்றே காலே அரைக்கால் டயரின் உள்வட்டம் 590 மில்லிமீட்டர். 559 ரிம்மில் அது தொளதொளவென்று ஆடும். டயரின் பக்கவாட்டில் 50-559 என்கிற மாதிரிப் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். முதலெண் அகலம், இரண்டாவது உள்வட்டம். கடைக்காரர் சொல்வதை விட்டு அதைப் படிப்பது உத்தமம்.

அப்புறம் மேலே இருக்கிற குமிழ்கள். பாய் இரண்டு தினுசு காட்டினார். ஒன்றில் பலாப்பழத்து முள் மாதிரி நெருக்க நெருக்கமாக. இன்னொன்றில் உயரமான கட்டைகள் தள்ளித் தள்ளி. நெருக்கமானது தார் ரோட்டில் சத்தமில்லாமல் போகும். ஆனால் அந்தச் சந்துகளில் மண் நிரம்பிவிட்டால் மொட்டை டயரும் அதுவும் ஒன்றுதான். புகையானுக்குப் பயந்து எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுகிறோமே, அந்த மாதிரி பட்டம் விட்ட டயர்தான் களிமண்ணுக்கு வேண்டும். சக்கரம் சுற்றுகிற சுற்றில் மண் தானே கழன்று விழும். இதை அண்ணனுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. கட்டைகளுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இதுதான்” என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பழையதைக் கழற்றியதும் முதலில் பெண்டு எடுக்கச் சொன்னேன். பின்சக்கரம் ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் இழுத்திருந்தது. இருக்கிற ஏழில் மூன்று போனால் என்ன மிச்சம்? பாயின் பையன் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி நேராக்கினான். பக்கத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். சக்கரம் சுற்றுகிற திசை. அதைப் பார்த்துப் போடவேண்டும். தடித்த டயரில் காற்றை அடைத்துவிட்டால் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் நுழையாது. காற்றை இறக்கிச் சக்கரத்தைப் பொருத்திவிட்டு அப்புறம் அடைக்கவேண்டும்.

மட்கார்டு விஷயத்தில்தான் தகராறு வந்தது. டயரை ஒட்டிப் போகிற மட்கார்டு இருந்தால் நாங்கள் மிச்சம் பிடித்த இடமெல்லாம் வீண். கழற்றச் சொன்னேன்.

“முதுகெல்லாம் கோடு போடுமே சார்” என்றார் பாய்.

“முதுகக் கழுவிக்கலாம் பாய்” என்றார் அண்ணன். அதோடு தகராறு தீர்ந்தது.

காற்றைப் பையன் கல்லாக அடித்திருந்தான். அகலமான டயர் வாங்கிவிட்டுக் கல்லாகக் காற்றடிப்பது பஞ்சு மெத்தைமேல் பலகை போட்டுப் படுப்பது போல. காற்றைக் கொஞ்சம் இறக்கினால்தான் டயர் தரையில் பரவும், கட்டைகள் மண்ணைக் கவ்வும். முன்னால் 30 பவுண்டு, பின்னால் 35 என்று வைத்தோம். அண்ணன் எடைக்கு அது போதும். இன்னும் இறக்கலாம், ஆனால் கரையெல்லாம் சீமைக்கருவேல முள், தார் ரோட்டிலும் போகவேண்டும், மிதிக்கிறவருக்கு முழங்கால் வலி வேறு.

இந்த ஐப்பசியில் அவர் பின்னாலேயே நானும் என் பழைய வண்டியில் கரையில் போய்ப் பார்த்தேன். அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. சாய்வான கரையில் புல்மேல் ஏறினால் எந்த டயரும் வழுக்கும். அங்கே இறங்கித் தள்ளவேண்டியதுதான். கொழுக்கட்டைப் பதத்தில் பின்சக்கரம் மண்ணைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் குழாயருகில் வந்ததும் அதிக மண் வழிக்கப்பட்டு அதிரசம் அதிரசமாகக் கீழே விழுகிறது. சக்கரம் நிற்கவில்லை. கட்டை போட்ட இடத்தில் ஆற்று மணல் கொட்டிக் கிடந்தது. அதில் முன்சக்கரம் புதையாமல் மிதந்து போயிற்று. என் ஒன்றரை அங்குலம் அங்கே அச்சு வரைக்கும் இறங்கிற்று. ஏழு கிலோமீட்டரும் அவர் ஒரு தடவைகூடக் குச்சி எடுக்கவில்லை. நான் நாலு தடவை எடுத்தேன்.

கீழ்ச் சட்ரஸில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு.

“ராத்திரி இந்த வேகத்துல வந்தா கரை கண்ணுக்குத் தெரியாது தம்பி” என்றார். “வெளிச்சத்துக்கு ஒண்ணு பாக்கணும்.”

ஹாண்டில்பாரில் மாட்டுகிற பாட்டரி விளக்கு பாய் கடையில் இரண்டு மூன்று தினுசு தொங்கிக்கொண்டிருந்தது. மழை புகாத ரகம் எது என்று கேட்டுவர வேண்டும்.