பந்தல் நகரில் மூன்று காலைகள்

ஓர் ஊரில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் அவ்வூரைப் பாராதிருப்பது, நம்மைப்போல் பிழைப்பு நாடி வந்தவர்களுக்கு எளிதில் நேர்ந்துவிடும் குறை. கொல்கத்தாவில் நாங்கள் குடியேறி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகத்துக்குச் செல்லும் வழி, லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்கும் கடைகள், கோயில், சங்கம் ஆகிய இவையே எங்கள் கொல்கத்தா. துர்க்கை பூசை நாட்களில் ஊரே வீதியில் திரண்டிருக்க, நாங்களோ நெரிசலுக்கு அஞ்சி ஊருக்கு ரயில் ஏறிவிடுவோம். இந்நகரை எங்களுக்குக் காட்டியவள் எங்கள் மகள். அதற்கு வாய்ப்பளித்ததோ அவளுக்கு நேர்ந்த ஒரு தோல்வி.

ஐந்தாண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள், சென்ற ஆண்டு அதைத் துறந்து விழா அமைக்கும் தொழிலில் இறங்கினாள். திருமணம், சீமந்தம், அறுபதாம் ஆண்டு நிறைவு ஆகியவற்றுக்கு இடம் பார்ப்பது முதல் பந்தியில் கடைசி இலையை எடுப்பது வரை அனைத்தையும் பொறுப்பேற்று நடத்துவது இத்தொழில். நாங்கள் தடுக்கவுமில்லை, மனமுவந்து வாழ்த்தவுமில்லை. ஓராண்டில் அலுத்துப்போய் மாதச் சம்பளத்துக்கே திரும்பிவிடுவாள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அவளுக்குக் கிடைத்த முதல் திருமணம் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றினுடையது. முகூர்த்தம் ஆவணியில். போனில் பார்த்த படங்களுள் ஒன்று அவள் மனத்தைக் கவர்ந்திருந்தது. மண்டப வாயிலில் வெண்ணிறக் கோபுரம் ஒன்று எழுந்து நிற்கும் படம் அது. அதனைத் தெர்மாகோலில் செய்து தர ஒருவரிடம் பேசி, தன் சேமிப்பிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டாள். ஆடி பிறந்த பின்னரே வரைபடத்தை மண்டபத்தாரிடம் காட்டினாள். அவர்கள் ஒரே சொல்லில் மறுத்துவிட்டனர். 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்குத் தெர்மாகோலைப் பயன்படுத்துவது நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. செய்து தருவதாகச் சொன்னவர் அதனை உரைக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. முன்பணமும் திரும்பவில்லை.

அன்றிரவு அவள் உண்ணவில்லை. "ஆறு மாதமாக நீ படங்களைத்தானே பார்த்தாய்? இந்த ஊரில் பந்தல் போடுகிறவர்களைப் பார்த்தாயா?" என்று கேட்டோம். சிறிது நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, அப்பா?" என்றாள். எங்களிடம் விடை இல்லை. மறுநாள் விடியுமுன் மூவரும் புறப்பட்டோம்.

முதற்காலை: மலர்ச் சந்தை

ஹௌரா பாலத்தின் கீழ்க்கரை முனையில், ஹூக்ளி ஆற்றை ஒட்டி மல்லிக் காட் என்னும் படித்துறை இருக்கிறது. 1855இல் கட்டப்பட்ட துறை அது. அதன் தலைமேல் நிற்கும் இரும்புப் பாலமோ 1943இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. துறையை ஒட்டிய சந்துகளில் பொழுது புலருமுன்னரே மலர்ச் சந்தை கூடிவிடுகிறது. செண்டுமல்லிச் சரங்களை மலைப்பாம்புகள்போல் தோளிலும் தலையிலும் சுற்றிக்கொண்டு மக்கள் நெருக்கியடித்துச் செல்கின்றனர். பான்ஸ்குடா, கோலாகாட், ராணாகாட் முதலிய பக்கங்களிலிருந்து மலர் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. சேற்றில் வழுக்காமல் நடப்பதே ஒரு கலை.

எங்கள் மகள் கையில் படத்துடன் ஒவ்வொருவரையும் விலை கேட்டுச் சென்றாள். படத்தில் இருந்தவை குளிர்நாட்டு மலர்கள். அவை கிடைக்காமல் இல்லை. ஆனால் பெட்டிக்கு வெளியே வந்தால் ஆவணிப் புழுக்கத்தில் மாலை வரை தாங்கமாட்டா என்று ஒரு பெண் வியாபாரி வெளிப்படையாகச் சொன்னார். மழை பெய்தால் செண்டுமல்லி நீர் கோத்து அழுகிவிடும். முதல் நாளே வாங்கி வைப்பது மூடத்தனம். நிலச்சம்பங்கியோ தண்டுடன் நீரில் நின்றால் இரவெல்லாம் மணக்கும். "எந்தப் பூ வேண்டும் என்று கேளாதே. எத்தனை மணிக்கு விழா, கூரை உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்" என்றார் அவ்வம்மையார். மகள் படத்தை மடித்துப் பைக்குள் வைத்ததை நாங்கள் கவனித்தோம்.

இரண்டாங்காலை: மூங்கில் காடு

இரண்டாம் நாள் தென் கொல்கத்தாவில் ஒரு பேட்டையின் விளையாட்டுத் திடலுக்குச் சென்றோம். அங்கே பூசைப் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கியிருந்தனர். முதல் கம்பத்தை நடுமுன் அதற்குக் ‘கூட்டி பூசை’ என்று ஒரு வழிபாடு செய்கின்றனர். நம் இல்லங்களில் முகூர்த்தக்கால் நடுவதை நினைந்து வியந்தோம். வியப்பு அதனோடு முடியவில்லை. வங்காளிகள் இதனைப் ‘பியாண்டேல்’ என்கின்றனர். நம்முடைய ‘பந்தல்’ ஆங்கிலத்தில் புகுந்து, அவ்வழியே இவர்கள் நாவில் ஏறிய சொல் அது. ஆங்கில அகராதிகளும் இதற்குத் தமிழையே மூலமாகக் காட்டுகின்றன. சொல் நம்முடையது, அதனை வானளாவ வளர்த்தவர்கள் இவர்கள்!

பந்தற் பணியின் மேற்பார்வையாளர் ஒரு முதியவர். எங்கள் மகளை ‘மா’ என்று விளித்தே பேசினார். மகளைத் தாய் என்று அழைப்பது இந்நாட்டு வழக்கம். இப்பூசைகள் நடந்து வந்த வழியை அவரிடமே கேட்டறிந்தோம். முற்காலத்தில் துர்க்கை பூசை செல்வர் மாளிகைகளில் நடந்தது. சோபாபஜார் அரண்மனையில் 1757இல் தொடங்கிய பூசை புகழ் பெற்றது. பின்னர் ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாடாவில் நண்பர் பன்னிருவர் கூடிப் பொதுவில் பூசை நடத்தியதாகவும், ‘பாரோவாரி’ என்னும் பெயர் அதனால் வந்ததாகவும் கூறுவர். 1985இல் வண்ணப்பூச்சு நிறுவனமாகிய ஏஷியன் பெயின்ட்ஸ் சிறந்த பூசைகளுக்குப் பரிசு வழங்கத் தொடங்கிற்று. அதன்பின் பேட்டைக்குப் பேட்டை போட்டி வளர்ந்தது. 2001இல் போஸ்புக்கூரில் தேநீர் அருந்தும் மண்குவளைகளைக் கொண்டே ஒரு பந்தலை எழுப்பினர். ஊரே அங்குத் திரண்டது. அதுமுதல் ஆண்டுக்கு ஒரு கருத்து, கருத்துக்கு ஒரு பந்தல் என்பது வழக்கமாகிவிட்டது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ, கொல்கத்தாவின் துர்க்கை பூசையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

"அப்படியானால் ஆண்டுதோறும் புதிதாக எதைச் செய்வது என்பதை எப்படி அறிகிறீர்கள், தாதா?" என்று மகள் கேட்டாள்.

முதியவர் நகைத்தார். "புதியது எது என்றுதான் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், மா. சென்ற ஆண்டு மழையில் விழாமல் நின்றது எது என்று நான் அவர்களைக் கேட்பேன். பூசை முடிந்ததும் இந்த ஊர்ப் பந்தலைப் புறநகர்க்காரர்கள் விலைக்கு வாங்கிப்போய்க் காளி பூசைக்கோ ஜகத்தாத்திரி பூசைக்கோ நிறுத்துவார்கள். இங்கே பழையது, அங்கே புதிது. நாகரிகம் என்பது இவ்வளவுதான்."

பிறகு அவர் சொன்னவற்றை மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இடத்தை அளக்காமல் படம் வரையாதே. வாயிலின் உயரம் என்ன, பொருள் ஏற்றிய வண்டி உள்ளே வருமா, எத்தனை மணிக்கு மண்டபத்தைத் திறந்துவிடுவர், சுவரில் ஆணி அடிக்கலாமா, மின்சாரம் எவ்வளவு தாங்கும், தீ பிடித்தால் மக்கள் எவ்வழியே வெளியேறுவர் என்பவற்றை முதலில் கேள். பெரிய பந்தலாயின் காவல்துறை, தீயணைப்புத் துறை, மாநகராட்சி, மின்சார நிறுவனம் ஆகியோரின் இசைவின்றி ஒரு கம்பமும் நடாதே. கூலி கேட்கும்போது கட்டும் கூலியோடு பிரிக்கும் கூலியையும் சேர்த்துக் கேள். புதியவர்கள் மறப்பது அதைத்தான். இந்தக் கேள்விகளுள் முதலாவதைக் கேட்டிருந்தாலே நாற்பதாயிரம் தப்பியிருக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாங்காலை: எடையற்ற தண்டு

மூன்றாம் நாள் குமார்துலிக்குச் சென்றோம். சோபாபஜாரில் இறங்கி, ஆற்றை நோக்கி நடந்தால் குயவர்களின் சந்துகள் வருகின்றன. கிருஷ்ணநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர் இவர்கள் என்பர். இருபுறமும் மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணலால் இறுகக் கட்டி உருவாக்கிய தேவியர், தலையும் விரல்களும் இன்றி நிற்கின்றனர். சிலவற்றின்மேல் ஈரக் களிமண் ஏறியிருக்கிறது. நிறம், உடை, அணி எல்லாம் பின்னர்தான். மகாளய நாளில் தேவிக்குக் கண் திறப்பது மரபு.

சந்தின் கோடியில் ஒரு கடையில் வெண்ணிற மகுடங்களும் மாலைகளும் தொங்கின. அது மாலாகாரர் ஒருவருடைய பட்டறை. தேவிக்கு அணியும், மணமகனுக்குத் ‘தோபர்’ என்னும் கூம்புத் தொப்பியும் செய்வது அக்குலத்தார் தொழில். அவர் பழுப்புத் தோலுள்ள ஒரு தண்டை எடுத்து, நீண்ட கத்தியால் சீவிக் காட்டினார். உள்ளே பால்போன்ற வெண்மை. தாள்போல் மெல்லிய ஏடுகளாக அதனை உரித்துச் சுருட்டி, நூலால் கட்டி, இரண்டு வெட்டு வெட்டினார். தாமரை ஒன்று அவர் உள்ளங்கையில் மலர்ந்தது. "சோலா" என்றார். சதுப்பு நிலத்திலும் நீர் தேங்கிய வயல்களிலும் தானே வளரும் செடி அது.

நாங்கள் தண்டைக் கையில் வாங்கினோம், எடையே இல்லை. எங்களுள் ஒருவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். அவர் கண்கள் கலங்கின. "இது நெட்டி அல்லவா!" என்றார். ஆம், நெட்டிதான். மாட்டுப் பொங்கலன்று காளைகளின் கழுத்தில் கட்டும் மாலை; கண்ணாடிப் பேழைக்குள் பெரிய கோயிலின் வடிவாக வைக்கப்படும் வெண்சிற்பம். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகளாக இவ்வூர் மணமகன்களின் தலையில் அதனைக் கண்டும் நாங்கள் அறிந்துகொண்டதில்லை.

"தெர்மாகோல் வந்து எங்கள் வேலையில் பாதியைத் தின்றது. இப்போது சிலர் திரும்பி வருகிறார்கள்" என்றார் மாலாகாரர். மகள் வேறொன்றும் பேசவில்லை. வெண்கோபுரத்தை மறந்து, ஐம்பது தாமரைகளுக்கும் இருபது கிளிகளுக்கும் விலை பேசினாள்.

ஆவணி முகூர்த்தம்

அத்திருமணத்தில் கோபுரம் இல்லை. மூங்கில் வளைவில் துணியைக் கொசுவிக் கட்டி, அதன்மேல் நெட்டித் தாமரைகளையும் கிளிகளையும் அமைத்திருந்தாள். வாயிலில் குலையுடன் வாழைமரங்கள். வங்காளிகளும் மணவீட்டில் வாழைக்கன்று வைப்பவராதலால் வந்தவர் எல்லாருக்கும் அது மங்கலமாகவே பட்டது. தரையில் ஒருபுறம் கோலமும், மறுபுறம் அண்டைவீட்டு வங்கப் பெண்கள் அரிசிமாவில் விரலால் இட்ட ஆல்பனாவும். செண்டுமல்லி அன்று விடியற்காலையில்தான் வந்தது. முற்பகலில் பெருமழை பெய்தது. ஒன்றும் அழுகவில்லை, ஒன்றும் விழவில்லை.

மணமகனின் பாட்டியார் தள்ளாத வயதினர். வாயிலில் நின்று ஒரு கிளியைத் தொட்டுப் பார்த்தார். "மாட்டுக்குக் கட்டுவோமே, அந்த நெட்டிதானே இது? இதை எங்கே அம்மா பிடித்தாய்?" என்று எங்கள் மகளின் கையைப் பற்றிக்கொண்டார். "இந்த ஊர்க் குளத்தில்தான், பாட்டி" என்றாள் அவள்.

அன்றிரவு கணக்குப் பார்த்ததில் எஞ்சியது பதினோராயிரம் ரூபாய். இழந்த முன்பணத்தில் அது கால் பங்குக்குச் சற்றே மேல். ஆகவே வெற்றி என்று பறைசாற்ற நாங்கள் துணியமாட்டோம். கடன் இன்னும் இருக்கிறது. இத்தகைய தொழிலில் இறங்கும் பிள்ளைகளையுடைய அன்பர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். படங்கள் ஆசையை ஊட்டும். தொழிலைக் கற்பிப்பவை சேற்றுச் சந்தும் மூங்கிற் குவியலும் முதியவர் வாய்ச்சொல்லும். அவை நாம் வாழும் ஒவ்வொரு நகரிலும் உண்டு. பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் நாமும் உடன் சென்று பார்ப்பது நன்று.

நெட்டிக் கிளிகள் அட்டைப் பெட்டிகளில், எங்கள் அலமாரியின்மேல் அடுத்த விழாவுக்குக் காத்திருக்கின்றன. இன்னொன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். மகளுக்குத் தெரியாமல், ஒரு நண்பரிடம் அவளுக்கு மாதச் சம்பள வேலை ஒன்று பார்க்கும்படி சொல்லி வைத்திருந்தோம். திருமணத்துக்கு மறுநாள் அவருக்குப் போன் செய்து, இப்போது வேண்டாம் என்று தெரிவித்துவிட்டோம்.